சாகாமல் பேச முடியாதா?

2023 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடந்த 28ஆவது கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் 'ஸ்பிரிட் ஆஃப் சினிமா' விருதைப் பெற்றவர் கென்ய இயக்குநர் வனூரி கஹியூ. இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் அவருடைய 'ரஃபீகி' (2018), கான் விழாவுக்குத் தேர்வான முதல் கென்யப் படம். சொந்த நாட்டில் 2018இல் அதற்குத் தடை விதிக்கப்பட்டது. தணிக்கை வாரியத்தைப் பெரிதும் உறுத்தியது படத்தின் முடிவுதான் என்று கஹியூ சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்கள் வருந்துவதாக முடிக்க வேண்டுமாம். அவர் மறுத்துவிட்டார்.

ஆப்பிரிக்கத் திரையின் பெண்களைப் பற்றி நமக்கு வரும் கட்டுரைகள் 'ரஃபீகி'யோடும் செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேனோடும் நின்றுவிடுகின்றன. நைஜீரியாவில் வீட்டுக்கு வீடு பார்த்த படங்கள் வேறு. 1992இல் வீடியோ கேசட்டில் வந்து, நாலிவுட் எனப்படும் நைஜீரியத் திரையுலகுக்கு வழி திறந்த 'லிவிங் இன் பாண்டேஜ்' படத்தில், பணம் பெருக மனைவி மெரிட்டைப் பலி கொடுக்கிறான் கணவன். உயிரோடு இருந்தவரை அவள் பொறுமையான மனைவி. ஆவியான பிறகுதான் அவனை ஆட்டிவைக்கிறாள். அப்போதும் படத்தின் கவலை அவன் மீட்சியைப் பற்றியதே. 1994இல் வந்த 'கிளாமர் கேர்ள்ஸ்' லாகோஸில் தனியாக வாழும் பெண்களைக் காட்டியது. அவர்கள் கையில் புழங்கும் காசின் மேல்தான் அதற்குச் சந்தேகம்.

நமக்கு இது அந்நியமா என்ன? 1964இல் வந்த 'பார்கவி நிலையம்' மலையாளப் படத்திலும் பார்கவி செத்த பிறகுதான் கதைக்குள் வலுப்பெறுகிறாள். அவள் கதையை எழுதுவதும் அந்த வீட்டுக்குக் குடிவந்த ஓர் ஆண். (திரைக்கதை எழுதிய பஷீரின் நையாண்டி இல்லாவிட்டால் இதை இவ்வளவு எளிதாக மன்னித்திருப்போமா?)

பிற்போக்கு என்று இந்தப் படங்களை ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சம்பாதிக்கும் பெண்ணைக் கண்டு ஊர் படும் பயம் இவற்றில் பூச்சில்லாமல் தெரிகிறது. நாலிவுட் நட்சத்திரம் ஜெனிவீவ் நாஜி இயக்கி நடித்த 'லயன்ஹார்ட்' (2018) அந்தப் பயத்துக்குள்ளேயே நுழைகிறது: அப்பா நோயில் விழுந்ததும் பஸ் கம்பெனியின் பொறுப்பு, திறமையான மகளைத் தாண்டி அவருடைய சகோதரரிடம் போகிறது. மகள் முறைத்துக்கொண்டு வெளியேறவில்லை; அவரோடு சேர்ந்தே கடனிலிருந்து கம்பெனியை மீட்கிறாள். இதற்காக எந்தத் தண்டனையும் அவளுக்கு இல்லை.

திரைப்படச் சங்கத்தாருக்கு ஒரு யோசனை. ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் 'பார்கவி நிலையம்', மாலையில் 'லிவிங் இன் பாண்டேஜ்' போடுங்கள். பின்னது இக்போ மொழிப் படம், ஆங்கில சப்டைட்டிலோடு கிடைக்கும். கேசட் காலத்துப் படம் என்பதால் பெரிய திரை தேவையில்லை. பார்த்துவிட்டு எழுதுகிறவர்கள் மெரிட்டிலிருந்து தொடங்கட்டும். கணவனைப் பற்றிப் படமே போதிய அளவு பேசிவிட்டது.