முதலில் பள்ளிக்கூடம் தயாராகட்டும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல ராஜ்யங்கள் ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்தில் ஒரு பெரிய ஏற்பாட்டை நடத்துகின்றன. பொது ஹைஸ்கூல்களில் பதினொன்றாவது வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் அனைவரும், செல்வர் ஏழை என்ற பேதமின்றி, கலாசாலைக்குப் போக எண்ணியவர் எண்ணாதவர் என்ற வித்தியாசமுமின்றி, தத்தம் பள்ளிக்கூடத்திலேயே ஒரு பள்ளி நாளில் உட்கார்ந்து, கலாசாலைப் படிப்புக்குத் தகுதி பெற்றிருக்கிறார்களா என்று அளந்து பார்க்கும் பரீட்சையை எழுதுகிறார்கள். கட்டணத்தை ராஜ்ய சர்க்கார் செலுத்திவிடுகிறது. ஏற்பாடு நல்லதே. ஆனால் பரீட்சை நடத்தும் பாரம் யார் தலையில் விழுகிறது, அதைச் சுமக்கப் பள்ளிக்கூடங்களுக்கு வேண்டிய பலம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்வியை அங்குள்ள சட்டசபைகள் போதிய அளவு கேட்டதாகத் தெரியவில்லை. பிள்ளையைச் சோதிக்குமுன் பள்ளிக்கூடம் சோதனை நடத்தத் தயாராக இருக்க வேண்டும் என்பதே நாம் இன்று வற்புறுத்த விரும்பும் விஷயம்.

இப்பரீட்சைகளின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்லுவோம். 1900-ல் ஸ்தாபிக்கப்பட்ட காலேஜ் போர்டு என்ற ஸ்தாபனம், எஸ்.ஏ.டி. என்ற பரீட்சையை 1926-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் முதன்முதலாக நடத்திற்று. அன்று எழுதியவர்கள் சுமார் 8,000 பேர். அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த லிண்ட்குவிஸ்ட் என்பவரின் முயற்சியால் அதற்குப் போட்டியாக 1959-ல் ஏ.ஸி.டி. பரீட்சை தோன்றிற்று. நெடுங்காலம் இவ்விரண்டும் கலாசாலைக்கு மனுச் செய்ய விரும்பியவர்கள் தாமே பணம் கட்டி, பெரும்பாலும் சனிக்கிழமையில், வேறோர் ஊரிலுள்ள நிலையத்துக்குப் போய் எழுதும் பரீட்சைகளாகவே இருந்தன. சனிக்கிழமையில் கடையிலோ வயலிலோ வேலை செய்து குடும்பத்துக்குக் காசு சேர்க்கும் பிள்ளைக்கு அந்த வாயில் அடைத்தே கிடந்தது. 2001-ல் இல்லினாய்ஸ், கொலராடோ ஆகிய இரு ராஜ்யங்களும் ஏ.ஸி.டி.யை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக்கின. 2006-ல் மேய்ன் எஸ்.ஏ.டி.யையும், 2007-ல் மிச்சிகன் ஏ.ஸி.டி.யையும் அவ்வாறே மேற்கொண்டன. பிற ராஜ்யங்கள் பலவும் பின்தொடர்ந்தன.

இதனால் விளைந்த நன்மை கற்பனையன்று. ஜோஷுவா ஹைமன் என்ற பொருளாதார ஆராய்ச்சியாளர் மிச்சிகன் பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட முடிவு ஒவ்வொருவர் மனத்திலும் பதிய வேண்டியது. இந்த ஏற்பாட்டுக்கு முன், ஏழைப் பிள்ளைகளில் பரீட்சை எழுதித் தகுதி பெற்றவர் பத்துப் பேர் என்றால், எழுதியிருந்தால் தகுதி பெற்றிருக்கக்கூடிய மேலும் ஐந்து பேர் பரீட்சையே எழுதாமல் இருந்தார்கள் என்று அவர் கண்டார். பத்துக்கு ஐந்து! இந்த ஐவரிடமும் அறிவில் குறை ஒன்றுமில்லை. அழைப்பார் இல்லை, அவ்வளவுதான். அனைவரையும் எழுதச் செய்த பிறகு நான்கு வருஷக் கலாசாலைகளில் சேருவோர் தொகை சிறிதளவு உயர்ந்தது. அந்த உயர்வும் மிக ஏழையான பள்ளிக்கூடங்களிலேயே அதிகம் தென்பட்டது. அவ்வாறு சேர்ந்தவர்கள் பாதியில் நின்றுவிடவுமில்லை. மற்றவர்களைப் போலவே தொடர்ந்து படித்தார்கள். ஆகவே இந்தப் பரீட்சையை ஒழித்துவிட வேண்டும் என்று நாம் சொல்ல முன்வரவில்லை.

ஆனால் சட்டம் இயற்றுவது வேறு, அதை நிறைவேற்றுவது வேறு. நியாயம் முழுதும் தன் பக்கம் இருந்தும், நடைமுறையில் நேர்ந்த சிறு பிழையால் வழக்கைத் தோற்ற கட்சிக்காரர்கள் எத்தனை பேர் என்பது நீதி ஸ்தலங்களில் பழகியவர்களுக்குத் தெரியும். பரீட்சையும் அத்தகையதே. டென்னஸீ ராஜ்யத்தின் அநுபவம் இதற்குச் சாட்சி. 2016 பிப்ரவரியில் அந்த ராஜ்யம் தனது பொதுப் பரீட்சையைக் கணினி மூலம் நடத்தத் தொடங்கியது. முதல் நாளே ஏற்பாடு முறிந்தது. காகிதத்தில் நடத்துவோம் என்றார்கள். வினாத்தாள்களும் காலத்தில் வந்து சேரவில்லை. ஏப்ரலில் கீழ் வகுப்புகளின் பரீட்சையையே ரத்து செய்து, ஒப்பந்தக்காரரையும் நீக்க நேர்ந்தது. அது கலாசாலைத் தகுதிப் பரீட்சையன்று. ஆயினும் படிப்பினை ஒன்றே. மாதக்கணக்காகத் தயாரான பிள்ளைகளும் உபாத்தியாயர்களும் தங்கள் குற்றம் ஒன்றுமின்றி அவதிப்பட்டார்கள்.

ஒரு ஹைஸ்கூல் இந்தப் பரீட்சைக்குத் தயாராவது என்றால் என்ன? அந்த வேலையின் அளவை அறியாதவர்களே, "வினாத்தாள் வருகிறது, கொடுத்து வாங்கினால் தீர்ந்தது" என்று பேசுவார்கள். முதலில் பரீட்சைக்குப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். பிள்ளைகளின் ஜாபிதாவைச் சரிபார்ப்பது, அறைகளை ஒதுக்குவது, கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பழக்குவது, வந்த பொருள்களைப் பூட்டி வைத்து எண்ணிக்கை காப்பது, வராதவர்களுக்கு மறுநாள் ஏற்பாடு செய்வது ஆகியவை எல்லாம் அவர் தலையில் விழும். பெரும்பாலும் அவர் யார்? பிள்ளைகளுக்குக் கலாசாலை மனு எழுத உதவும் ஆலோசகர், அல்லது உதவித் தலைமையாசிரியர். இருக்கும் வேலை குறையாமலே இந்த வேலையும் சேர்கிறது. பதினொன்றாவது வகுப்புப் பிள்ளைகள் எழுதும் நாளில் மற்ற வகுப்புகளை என்ன செய்வது, மணி அடிப்பதை எப்படி நிறுத்துவது, மத்தியான உணவை எப்போது போடுவது, கிராமத்துப் பிள்ளைகளை ஏற்றிவரும் பஸ் தாமதித்தால் யார் பொறுப்பு? சுற்றறிக்கை எழுதுகிறவருக்கு இவை அற்பமாகத் தோன்றலாம். பிள்ளையின் மார்க்கோ இவற்றால் மாறும்.

முன்னர் பென்சிலும் விடைத்தாளும் போதுமாயிருந்தன. 2024-ம் ஆண்டு வசந்தம் முதல் ஐக்கிய நாடுகளில் எஸ்.ஏ.டி. பரீட்சை கணினிக்கு மாறிவிட்டது. மூன்று மணி நேரப் பரீட்சை 2 மணி 14 நிமிஷமாகக் குறைந்தது. முதற்பகுதியில் பிள்ளை விடையளித்த விதத்தைப் பார்த்து, இரண்டாம் பகுதியின் வினாக்களைக் கடினமாகவோ எளிதாகவோ கணினியே அமைத்துக் கொடுக்கிறது. நடுவில் இணையத் தொடர்பு அறுந்தாலும் எழுதிக்கொண்டே போகலாம். ஆனால் ஆரம்பிப்பதற்கும் முடிவில் விடைகளை அனுப்புவதற்கும் தொடர்பு வேண்டும். மெச்சத்தக்க யுக்தியே. ஆயினும், வீட்டில் தனக்கென்று ஒரு மடிக்கணினி வைத்துப் பல மாதம் அதில் மாதிரிப் பரீட்சை எழுதிப் பழகிய பிள்ளையும், பரீட்சையன்று பள்ளிக்கூடத்தார் கொடுத்த கருவியை முதன்முதல் தொடும் பிள்ளையும் ஒரே பரீட்சையைத்தான் எழுதுகிறார்கள் என்று சொல்ல முடியுமா? சில நாள் முன்னதாகவே ஒவ்வொரு கருவியிலும் செயலியை ஏற்றி, மின்கலத்தைச் சோதித்து, பிள்ளைகள் அனைவரையும் உட்காரவைத்து ஒத்திகை பார்க்காத பள்ளிக்கூடம் தயாரான பள்ளிக்கூடம் ஆகாது.

விசேஷ சலுகைகளின் விஷயம் இன்னும் முக்கியமானது. கண் பார்வை குறைந்தவர்களுக்குப் பிரெய்ல் எழுத்திலோ பெரிய எழுத்திலோ வினாக்கள், படிப்பதில் இயற்கையான இடையூறு உள்ளவர்களுக்கு அதிக நேரம், தனி அறை முதலியவை உரியவை. ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கும் குடியேறிகளின் பிள்ளைகளுக்கும், பள்ளி நாளில் நடக்கும் எஸ்.ஏ.டி.யில் ஒன்றரை மடங்கு நேரமும் சொல்லுக்குச் சொல் பொருள் தரும் அகராதியும் அநுமதிக்கப்படுகின்றன. ஆனால் இவற்றுக்குப் பெரும்பாலும் முன்கூட்டியே மனுச் செய்து உத்தரவு பெற வேண்டும். குறித்த தேதி கடந்தால் உரிமை காகிதத்திலேயே நின்றுவிடும். வசதி படைத்த பெற்றோர் இந்த விதிகளை நன்கு அறிவார்கள். தாயும் தகப்பனும் இரண்டு வேலை பார்க்கும் வீட்டிலே இதை அறிந்து சொல்வார் யார்? பள்ளிக்கூடந்தான் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால், சட்டம் கொடுத்த உரிமையைப் பள்ளிக்கூடமே பறித்ததாக ஆகும்.

காவலின் அவசியத்தைப் பற்றிச் சந்தேகப்படுகிறவர்கள் 2019 மார்ச்சில் வெளியான பெரிய மோசடியை நினைவுகூரட்டும். வில்லியம் சிங்கர் என்பவன் செல்வர்களிடம் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, பரீட்சை நிலைய நிர்வாகிகளுக்கு லஞ்சம் கொடுத்து, பிள்ளைகளின் விடைகளைத் திருத்தச் செய்தான். ஊனமுற்ற பிள்ளைகளுக்காக ஏற்பட்ட அதிக நேரச் சலுகையையே பொய்யாகப் பெற்று, இந்த வஞ்சகத்துக்கு வழியாக்கிக்கொண்டான். 2023-ல் அவனுக்கு மூன்றரை வருஷச் சிறை விதிக்கப்பட்டது. அதே சலுகை கிடைக்காமல் எத்தனை உண்மையான ஊனமுற்ற ஏழைப் பிள்ளைகள் அன்று எழுதியிருப்பார்கள்! கண்காணிப்பாளரின் நேர்மையே பரீட்சையின் மதிப்பு. சொந்தப் பிள்ளை எழுதும் இடத்தில் பெற்றோர் மேற்பார்வை செய்யலாகாது என்பது போன்ற விதிகளை, உபாத்தியாயர்கள் தங்கள்மீது காட்டும் அவநம்பிக்கையாகக் கொள்ளாமல், தங்களுக்குக் கவசமாகக் கருத வேண்டும்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. பரீட்சையை ஒட்டிப் பிள்ளைகளிடம் பெயர், விலாசம், மார்க்கு, விருப்பம் முதலிய பல விவரங்கள் கேட்கப்படுகின்றன. நியூயார்க் ராஜ்யத்தில் பள்ளிக்கூடங்கள் வழியாகப் பெற்ற இத்தகைய விவரங்களைக் கலாசாலைகளுக்குக் கொடுத்துப் பணம் பெற்றதாகக் காலேஜ் போர்டுமீது குற்றம் சாட்டப்பட்டு, 2024-ல் 7,50,000 டாலர் செலுத்தி அந்த ஸ்தாபனம் விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டது. 2019-ல் மட்டும் 2,37,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்கள் அவ்வாறு போயின என்று அந்த ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரல் அறிவித்தார். சர்க்கார் உத்தரவின் பேரில் வந்து உட்கார்ந்த பிள்ளை, எந்தக் கேள்விக்கு விடை சொல்லியே தீர வேண்டும், எதற்குச் சொல்லாமல் விடலாம் என்பதை எப்படி அறியும்? இதைப் பெற்றோருக்கு முன்னரே எழுதித் தெரிவிப்பதும் தயாரிப்பின் ஒரு பகுதியே.

"இவ்வளவு தொல்லை எதற்கு? பல கலாசாலைகள் இந்த மார்க்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டனவே" என்று கேட்பவர்கள் உண்டு. 2020-ல் பரவிய தொற்று நோயின்போது பெரும்பாலான கலாசாலைகள் அவ்வாறே செய்தன. காலிபோர்னியா சர்வகலாசாலை மார்க்கைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டது. ஆனால் 2022-ல் எம்.ஐ.டி.யும், 2024-ல் டார்ட்மத்தும் பரீட்சையை மீண்டும் கட்டாயமாக்கின. கெட்டிக்கார ஏழைப் பிள்ளையை அடையாளம் காண மார்க்கு உதவுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. எஸ்.ஏ.டி.யை ஆக்கிய கார்ல் பிரிகாம் என்பவரே 1923-ல் பரீட்சை மார்க்குகளைக் காட்டிச் சில இனத்தார் பிறப்பிலேயே அறிவில் தாழ்ந்தவர் என்று எழுதினார்; 1930-ல் தமது முடிவுக்கு ஆதாரமில்லை என்று தாமே வாபஸ் வாங்கிக்கொண்டார். மார்க்கைக் கொண்டு மனிதனை அளப்பவர்கள் இதை மறத்தலாகாது.

நிற்க. எஸ்.ஏ.டி.யில் படிப்பு எழுத்துப் பகுதிக்கு 480, கணிதத்துக்கு 530 என்று தகுதி எல்லை வகுத்திருக்கிறார்கள். அந்த எல்லையை எட்டியவர், கலாசாலையின் முதற்பருவப் பாடத்தில் 'ஸி' அல்லது அதற்கு மேற்பட்ட தரம் பெற நூற்றுக்கு எழுபத்தைந்து சாத்தியம் உண்டு என்பதே அதன் பொருள். பிள்ளையின் தலைவிதியை அது தீர்மானிப்பதில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பெரும்பாலோர் கணித எல்லையை எட்டவில்லையென்றால், அங்கே உயர் கணிதம் கற்பிக்கத் தக்க உபாத்தியாயர் இருந்தாரா என்றுதான் சர்க்கார் முதலில் விசாரிக்க வேண்டும். 2015-ம் ஆண்டின் மத்தியக் கல்விச் சட்டம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிள்ளைகளைப் பரீட்சை எழுதச் செய்ய வேண்டும் என்று விதிக்கிறது. அந்தத் தொகையை எட்டிவிட்டோம் என்று திருப்தியடைவது, நோயாளிகளின் நாடியைப் பார்த்துக் குறித்து வைத்துவிட்டு மருந்து கொடுக்காமல் போகும் வைத்தியனின் திருப்தியாகும்.

ஆகவே நமது அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லுகிறோம். பரீட்சையைக் கட்டாயமாக்கும் ராஜ்யம் கட்டணத்தோடு தன் கடமை தீர்ந்தது என்று எண்ணலாகாது. பொறுப்பாளருக்கு அந்த மாதங்களில் வேறு வேலையைக் குறைக்க வேண்டும். கண்காணிப்பாளருக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். கருவியும் இணையமும் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு முதலில் அவற்றைத் தர வேண்டும். ஒத்திகையைக் கட்டாயமாக்க வேண்டும். சலுகைகளையும் பிள்ளைகளின் அந்தரங்க உரிமையையும் பெற்றோருக்கு அவர்கள் பாஷையில் அறிவிக்க வேண்டும். மார்க்கு வந்த பிறகு பின்தங்கிய பள்ளிக்கூடத்துக்கு உதவி செல்ல வேண்டும். எழுதாமல் நின்ற அந்த ஐந்து பிள்ளைகளை அழைத்து உட்காரவைத்தாகிவிட்டது. பழுதான கருவியாலோ, தெரிவிக்கப்படாத விதியாலோ, களைத்துப்போன நிர்வாகத்தாலோ அவர்கள் மறுபடி வாயிலுக்கு வெளியே தள்ளப்படுவார்களாயின், முன்பு நேர்ந்த அநீதியிலும் இது கொடியதாகும். அழைக்கப்படாதவன் தன் விதியை நொந்துகொள்வான். அழைத்துவந்து தோற்கடிக்கப்பட்டவனோ தனக்குத் தகுதியே இல்லை என்று நம்பிவிடுவான். அந்தப் பழி எந்தச் சர்க்காருக்கும் வேண்டாம்.