உயிர் பெற்ற ஓவியங்கள்
சித்திரங்கள் திரையில் துள்ளி ஓடக் கண்டு நாம் நகைக்கின்றோம். அவற்றை வரைந்த கைகள் பட்ட பாட்டை எண்ணுவோமல்லோம். அமெரிக்கப் பத்திரிகை ஓவியர் வின்சர் மக்கே, 1911 இல் தம் முதற் படத்துக்கென ஏறத்தாழ 4,000 சித்திரங்களை வரைந்தார். 1914 இல் அவர் படைத்த ‘கேர்ட்டி’ என்னும் டைனோசருக்கோ, பின்னணியிலுள்ள கல்லும் மரமும் தாள்தோறும் புதிதாக வரையப்பட்டன. மேடையில் நின்று மக்கே கட்டளையிடத் திரையில் அது தலை வணங்கிற்று. கடிந்துகொள்ளக் கண்ணீர் உகுத்தது!

தம் முறைகளை அவர் ஒளித்தாரல்லர், காப்புரிமையும் நாடினாரல்லர். ஜோன் பிறே என்பவர் அத்தகைய முறைகளுக்கு உரிமை பெற்று, மக்கே மீதே வழக்குத் தொடுத்தார். ஆயினும் அவ்வழக்கு வெற்றி பெறவில்லை. 1934 இல் மக்கே மறைந்தார். மாணவர்களே, பூட்டி வைத்த வித்தையன்று, பகிர்ந்தளித்த வித்தையே அவர் பெயரை இன்றும் நிலைநிறுத்துகின்றது.