காத்து சரியில்ல, மாமா!

காட்டுப்பள்ளிக் குப்பத்தில் நான் பார்த்த பெரியவருக்கு டிமென்ஷியா. எப்போதோ விற்ற படகைத் தேடி விடிகாலை மூணு மணிக்குக் கிளம்பிவிடுவார். "படகைத்தான் வித்தாச்சே!" என்று மருமகள் கத்த... தினம் ரகளை! "காத்து சரியில்ல மாமா, டீ குடிங்க" என்றால் உட்கார்ந்துவிடுவார்.

இதைச் சொல்லித்தர ஆள் வேண்டாமா, ஸார்? கோவாவில் உள்ளூர் ஆட்களுக்கு ஒரே வாரம் பயிற்சி கொடுத்து, இப்படிப்பட்ட வீடுகளுக்கு அனுப்பினார்கள். 81 குடும்பங்கள், ஆறு மாதம். கவனித்துக்கொள்பவர்களின் மன பாரம் குறைந்தது என்று 2008-ல் முடிவு வந்தது. போனவர்களும் திண்டாடவில்லை, சந்தேகம் கேட்க மனநல டாக்டர் இருந்தார்.

நம்மூரில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, பிரஷருக்கு வீட்டுக்கே வருகிறது. வருகிறவருக்கு இந்த ஒரு வாரப் பாடத்தையும், பின்னால் ஒரு டாக்டரையும் கொடுங்களேன்... மருமகள்கள் கும்பிடுவார்கள்!