கார்ல்ஸ்ரூஹேயைச் சுற்றிச் செல்வதே சரி

றைன் நதியின் மேற்குக்கரையிலிருந்து ஸ்ருட்காட் நோக்கி மோட்டார் சைக்கிளில் செல்லும் எம்மவர் சிலர், கார்ல்ஸ்ரூஹே நகரை ஊடறுத்துச் செல்வதே குறுக்குவழி எனக் கருதுகின்றனர். வரைபடமும் அவ்வாறே மயக்குகிறது. 1715இல் அடிக்கல் நாட்டப்பட்ட அரண்மனையிலிருந்து 32 பாதைகள் விசிறிபோல் விரிகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை வடக்கே காட்டினுள் சென்று மறைபவை!

தண்டவாளங்களே இந்நகரின் பெரும் அபாயம். 2021 டிசெம்பரில் கைசர் வீதியின் ட்ராம் வண்டிகள் சுரங்கத்துள் இறக்கப்பட்டன; வேறு பல வீதிகளில் அவை இன்றும் மேலேயே ஓடுகின்றன. மழையில் நனைந்த தண்டவாளத்தின்மீது சாய்வாக ஏறும் சக்கரம் வழுக்கும். அதனைக் குறுக்காகவே கடத்தல் வேண்டும். நெரிசலில் அதற்கு இடம் கிடைப்பது அரிது.

ஆகவே, மக்ஸாவ் பாலத்தைக் கடந்ததும் தெற்குச் சுற்றுவீதியில் ஏறி, ஏ 5 வழியாக ஏ 8ஐ அடைவதே தக்கது. வேலைக்குச் செல்லும் நேரங்களில் அப்பாலத்தில் வாகனங்கள் தேங்கும் என்பது உண்மையே. ஆனால் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் போன்று வாகனங்களுக்கிடையே நுழைந்து முன்னேற ஜேர்மன் சட்டம் இடமளிப்பதில்லை. அம்புலன்சுக்காக நடுவில் விடப்படும் வழியில் ஓடினாலோ, தண்டப்பணத்துடன் சாரதி அனுமதிப்பத்திரமும் ஒரு மாதம் கைவிட்டுப் போகும். பஸ் ஓடாத வேளையில் உணவகத்திலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் வீடு திரும்பும் எம் இளைஞருக்கு அது ஒரு மாத வேலையையே பறிக்கக்கூடும்.