நோயைக் காட்டித் தொழிலாளியைத் தள்ளிவைக்க விடமாட்டோம்



எய்ட்ஸ் என்றதும் "ஒழுக்கம் கெட்டவர்களுக்கு வருகிற நோய்" என்று சொல்லிக் கைகழுவி விடுகிறவர்கள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன பையன் மெலிந்து திரும்பினாலும், வெளிநாடு போன பெண் ஒப்பந்தம் முடியுமுன் வந்துவிட்டாலும் லயத்தில் உடனே கதை கட்டுகிறார்கள். இந்தப் பேச்சை நாங்கள் எதிர்க்கிறோம். இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தென்னாபிரிக்கத் தொழிலாளர் பட்ட பாட்டில் பார்க்கலாம்.

அந்நாட்டுத் தங்கச் சுரங்கங்களுக்கு லெசோத்தோ, மொசாம்பிக், மலாவி போன்ற நாடுகளிலிருந்து ஆண்களை மட்டும் கொண்டுவந்தார்கள். மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, விடுதிகளில் ஓர் அறையில் பலராக மாதக்கணக்கில் கிடந்தார்கள். எச்.ஐ.வி. வந்தபோது அது பரவ வழி தயாராக இருந்தது. சுரங்கத்தில் தொற்றிய கிருமி விடுமுறையில் ஊருக்குப் போனது. மனைவிக்கும், அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் தொற்றியது. ஒழுக்கம் பேசியவர்கள், குடும்பத்தைப் பிரித்து இலாபம் பார்த்த முறையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

முதலாளிகள் செய்தது என்ன? 1980களின் இறுதியில் மலாவித் தொழிலாளரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். கிருமியைக் காரணம் காட்டி அவர்களை எடுப்பதையே நிறுத்தினார்கள். நோய் நிற்கவில்லை. தொழிலாளியின் பிழைப்புத்தான் போயிற்று.

அயலவரின் வெறுப்பும் உயிரைக் குடித்தது. 1998 டிசம்பரில், தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளியே சொன்ன குகு டிலாமினி என்ற பெண்ணை, டேர்பனுக்கு அருகே குவாமாசுவில் அக்கம்பக்கத்தவரே அடித்துக் கொன்றார்கள்.

அதே மாதத்தில் 'சிகிச்சைக்கான நடவடிக்கை இயக்கம்' பிறந்தது. "எச்.ஐ.வி. உள்ளவர்" என்று எழுதிய சட்டையை நோய் உள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்து அணிந்தார்கள். யாரைப் பிரித்துத் தள்ளுவது? அப்போது ஒரு நோயாளியின் மருந்துக்கு ஆண்டுக்கு 10,000 டொலருக்கு மேல் கேட்டார்கள். மலிவான மருந்துக்கு வழி திறந்த 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிராக 39 மருந்துக் கம்பனிகள் வழக்குப் போட்டன. கொசாட்டு தொழிற்சங்க சம்மேளனமும் மக்களும் வீதிக்கு இறங்கினார்கள். 2001 ஏப்ரலில் கம்பனிகள் வழக்கை வாபஸ் வாங்கின. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றாமல் தடுக்கும் மருந்தை அரசாங்கம் கொடுக்கத் தயங்கியபோது, 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. இன்று அங்கே 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெறுகிறார்கள். யாரும் தானமாகக் கொடுத்ததல்ல இது.

நம் நாட்டில் எச்.ஐ.வி. அந்த அளவில் இல்லை. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை ஏற்றுக்கொண்டது. அரசாங்க பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஒழுங்காக மருந்து எடுத்து, இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் நோய் தொற்றாது. ஒரே பீலியில் தண்ணீர் பிடிப்பதாலோ, ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ, கொசு கடிப்பதாலோ தொற்றாது.

ஆனால் கதைக்குப் பயந்து பரிசோதனைக்குப் போகாதவனுக்கு இலவச மருந்தால் என்ன பயன்? இன்று நம் வீட்டிலும் புருஷன் ஓரிடம், பெண்சாதி ஓரிடம். தோட்டத்துச் சம்பளம் போதாமல்தான் பிரிந்து போகிறார்கள். சம்பளத்துக்காகப் போராடுகிற நாம், அந்தப் பிரிவால் வருகிற நோயை மட்டும் தனி மனிதரின் குற்றம் என்று சொல்வது நியாயமா?

ஆகவே நாங்கள் கேட்கிறோம்: எந்தத் தோட்டத்திலும் இரத்தப் பரிசோதனையைக் காட்டி யாருக்கும் வேலை மறுக்கக் கூடாது. சிகிச்சை நிலையங்களில் தமிழில் பேச ஆள் வேண்டும். நோயாளியின் இரகசியம் காக்கப்பட வேண்டும். தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே இதைப் பேச வேண்டும். லயத்தில் ஒருவரைப் பற்றிக் கதை கிளம்பினால், முதலில் அதை நிறுத்துகிறவர் நம் சங்கத்து அங்கத்தவராக இருக்க வேண்டும்.