காது கேட்கிறது, மனசுக்குத்தான் எட்டவில்லை

அத்தானுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அக்கா போனபிறகு அவர் ரேடியோவைத் தொடுவதில்லை. திருவிழாவில் நாகஸ்வரம் என்றால் விடிய விடிய உட்கார்ந்து கேட்ட மனிதர். இப்போது பேரன் போனில் போட்டுக் காட்டினால் "ம்" என்கிறார், அவ்வளவுதான். பிள்ளைகள் காது மெஷின் வாங்கக் கிளம்பிவிட்டார்கள்.

முதலில் பரிசோதனை செய்வோம் என்று நான்தான் அழைத்துப் போனேன். வயசுக்குக் காது நன்றாகவே இருக்கிறதாம். வெளியே வந்ததும் கேட்டேன், "நேத்து பேரன் போட்டது என்ன ராகம் அத்தான்?"

"தோடி. அதுக்கென்ன இப்போ?"

அந்த "அதுக்கென்ன"வுக்கு ஒரு பெயர் உண்டு. 1896-இல் தெயோதூல் ரிபோ என்ற பிரெஞ்சு மனவியல் அறிஞர் 'அனெதோனி' என்று வைத்தார். வலி தெரியாத நிலைக்கு ஒரு சொல் இருக்கும்போது இன்பம் தெரியாத நிலைக்கும் ஒன்று வேண்டாமா என்பது அவர் நியாயம். (குமாஸ்தாவாக இருந்த எனக்கு இது பிடித்தது. கோப்புக்குப் பெயர் வைத்தால்தான் அது நகரும்.)

2014-இல் பார்சலோனா ஆய்வாளர்கள் இன்னொரு வகையைக் காட்டினார்கள். சிலருக்கு இசை மட்டும் இனிப்பதில்லை. பாட்டு சோகமா, குஷியா என்று சரியாகச் சொல்கிறார்கள், காசு ஜெயித்தால் நெஞ்சு படபடக்கிறது, பாட்டுக்கு மட்டும் உடம்பு அசைவதில்லை. மூளையில் கேட்கும் பகுதிக்கும் மகிழும் பகுதிக்கும் தொடர்பு குறைவு என்று பிறகு கண்டார்கள். அது பிறவிக் குணம் போல, நோயல்ல. அத்தான் கதை வேறு. அவருக்குச் சாப்பாடு, சீட்டாட்டம், பேரன், எல்லாமே சப்பென்று போய்விட்டது.

படிப்பும் இதில் மாட்டிக்கொள்கிறது. வீடியோ கால் போடப் பேரன் நாலு முறை சொல்லிக் கொடுத்தான், மறுநாள் தெரியவில்லை. மறதி வியாதி என்கிறார்கள். இருக்கலாம், அதையும் பார்க்கட்டும். ஆனால் ஒன்றைச் சரியாகச் செய்ததும் உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம் வருகிறதே, அதுதான் அடுத்த முறைக்குக் கைபிடிக்கிறது. அது வராதவருக்குப் பாடம் எப்படித் தங்கும்? "கவனமே இல்லை" என்று திட்டுவது அநியாயம்.

காது டாக்டரிடம் போக யாரும் கூச்சப்படுவதில்லை. மனநல டாக்டர் என்றதும் பெரியவன் முகம் மாறியது. "அப்பாவுக்கு என்ன பைத்தியமா மாமா?" என்றான். அவனோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். அத்தான்தான் கடைசியில் எழுந்து, "எப்போ போகணும்?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை டோக்கன் வாங்கியிருக்கிறேன்.