கூந்தன்குளத்தில் மேயும் அன்னம்

சங்கப் பாடல்களை நடத்தும்போது 'அன்னம்' என்ற சொல் வந்துவிட்டால், "அது இப்போது இருக்கிறதா ஐயா?" என்று யாரேனும் ஒரு மாணவர் கேட்பது வழக்கம். பல ஆண்டுகள் நானும் "அழிந்துபோன பறவை, அல்லது கவிமரபு படைத்த பறவை" என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்கு நகர்ந்திருக்கிறேன். அது பிழை என்றே இன்று கருதுகிறேன்.

மாணவர் மனத்தில் இருக்கும் அன்னம் ரவிவர்மா தந்தது. 1899இல் அவர் தீட்டிய தமயந்தி ஓவியத்தில் நிற்பது வெண்ணிற நெடுங்கழுத்து ஸ்வான். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் பலரும் அச்சொல்லையே கையாண்டனர். ஆனால் ஸ்வான் தமிழகத்துக்கு வலசை வரும் பறவையன்று. வடமேற்கு இந்தியாவிலேயே அது அரிய விருந்தாளி. ஐரோப்பிய ஸ்வான்களின் கால்கள் கறுப்பு. நீரில் அழகாக மிதக்கும் அது தரையேறினால் தடுமாறும். அந்த நடையையா நம் புலவர்கள் மகளிர்க்கு உவமை ஆக்கினார்கள்?

வடமொழி 'ஹம்ஸம்' வாத்தினப் பறவையே என்று டச்சு அறிஞர் வோகல் எழுதிய தனி நூலே 1962இல் வெளிவந்தது. தமிழ் அன்னத்துக்கு மிக நெருங்கி வருவது, பட்டைத்தலை வாத்து என்று எண்ணுகிறேன். ('வாத்து' என்றதும் வயலில் மேய்க்கப்படும் தாரா நினைவுக்கு வருவது இப்பெயரின் குறை.) வெளிர்சாம்பல் உடல், வெள்ளைத் தலையில் இரண்டு கரும்பட்டைகள், செம்மஞ்சள் கால்கள், எடை இரண்டு முதல் மூன்று கிலோ. உடலின் நடுப்பகுதியில் கால்கள் அமைந்திருப்பதால் புல்வெளியில் நிமிர்ந்து, ஒரே சீராக நடக்கும்.

கூடு கட்டுவது திபெத், மங்கோலியா, லடாக் ஆகியவற்றின் உயர்நில ஏரிகளில். பெட்டை அடைகாக்க, சேவல் காவல் நிற்கும். குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து தெற்கே வரும். அதிகபட்சமாக 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவாகியுள்ளது. அந்த உயரத்தில் காற்றில் உயிர்வளி மிகவும் குறைவு. பெரிய நுரையீரலும், உயிர்வளியை இறுகப் பற்றும் குருதிச் சிவப்பணுப் புரதமும் அதற்குத் துணை. ஒரே உயரத்தில் நேராகப் பறப்பதும் இல்லை. நிலத்தின் ஏற்ற இறக்கத்தை ஒட்டி ஏறியும் இறங்கியும் செல்கிறது. அதுவே செலவு குறைந்த வழி என்று 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இனிப் பாடல்களுக்கு வருவோம். நற்றிணை 356இல் பரணர் பாடும் அன்னம் சிவந்த கால்களை உடையது. தெண்கடலில் மேய்ந்து இமயத்து உச்சியிலுள்ள குஞ்சுகளிடம் பறந்து செல்வது. புறநானூறு 67இல் பிசிராந்தையார் விளிக்கும் அன்னச்சேவலும் குமரித்துறையிலிருந்து வடமலைக்குப் போவதே. இரை தெற்கே, குஞ்சு வடக்கே. செயற்கைக்கோள் கருவி பொருத்தி நாம் உறுதிசெய்த ஒரு செய்தியின் திசை இதில் பிசகாமல் இருக்கிறது. இதைக் கற்பனை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இடர்ப்பாடுகளும் உண்டு; மறைக்க வேண்டியதில்லை. பிசிராந்தையாரின் அன்னம் அயிரை மீன் உண்கிறது; இவ்வாத்தோ பெரும்பாலும் புல்லும் தானியமும் மேய்வது. பரணரின் அன்னம் குஞ்சுக்கு இரை சுமக்கிறது. வாத்துக் குஞ்சுகள் பொரித்த சில நாள்களிலேயே தாமே மேயத் தொடங்கிவிடும். பல பாடல்களின் அன்னம் தூய வெண்மை. ஆக, எல்லா அன்னமும் இதுவே என்று நான் வாதிடவில்லை. பாலையும் நீரையும் பிரிப்பது பிற்காலக் கவிச்சமயம்; அதை உயிரியலில் தேடுவதும் வீண். ஆயினும் புலவர்கள் கண்ட ஒரு பறவையின் மீதே மரபு வளர்ந்தது என்பதை ஏன் சொல்லத் தயங்குகிறோம்?

குமரிமுனையிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 50 கிலோமீட்டரில், நாங்குநேரிப் பக்கம் இருக்கிறது கூந்தன்குளம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். பட்டைத்தலை வாத்துகள் குளிர்காலத்தில் அங்கே வருகின்றன. குளத்தில் நீர் இல்லாத ஆண்டில் வேறிடம் தேடுகின்றன. நெல்லைச் சீமைக் குளங்கள் தூர்ந்துபோனால் 'அழிந்துபோன பறவை' என்ற குறிப்பு தமிழகத்தைப் பொறுத்தவரை மெய்யாகிவிடும்.

சில மாணவர்களை ஒரு தை மாதக் காலையில் அங்கே அழைத்துப்போனேன். "இவ்வளவுதானா ஐயா அன்னம்?" என்றார் ஒருவர், ஏமாற்றத்துடன். அறுவடை முடிந்த வயலில் இருபது முப்பது பறவைகள் தாள்களைக் கொத்தியபடி நடந்துகொண்டிருந்தன. அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. தொலைநோக்கியை மட்டும் கொடுத்தேன். வெகுநேரம் அவர் அதைத் திருப்பித் தரவில்லை.